ஸ்கிப்லேக்டு விமர்சனம்: கட்டண ஓட்டைகளை ஊரறியச் சொல்லலாமா?

விமானக் கட்டணத்தில் இருக்கும் ஓட்டைகளை, அதாவது டிக்கெட்டை மலிவாக வாங்க உதவும் இடுக்குகளை, வெளியே சொல்லலாமா, கூடாதா என்பது அடிக்கடி பறப்பவர்கள் நடுவே ஓயாத சண்டை. சொன்னால் ஏர்லைன் அடைத்துவிடும் என்பது ஒரு கட்சி. நாலு பேருக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம் என்பது எதிர்க்கட்சி. ஸ்கிப்லேக்டு என்ற விமான டிக்கெட் தேடல் தளம் இந்த வாதத்துக்கே போகவில்லை. ஓர் ஓட்டையை எடுத்து, அதையே தேடல் தளமாக்கி, 2013-லிருந்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பத்து வருடம் தாண்டியும் அந்த ஓட்டை அடைபடவில்லை. அதனால் இந்தத் தளத்தை எடைபோட்டால் பழைய சண்டைக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தளம் செய்யும் வேலை சின்னது. புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி கொடுத்தால் வழக்கமான டிக்கெட்டுகளோடு 'ஹிடன் சிட்டி' டிக்கெட்டுகளையும் (நீங்கள் போக வேண்டிய ஊர் கடைசி ஊராக இல்லாமல் நடுவில் ஒளிந்திருப்பவை) கலந்து காட்டும். உதாரணத்துக்கு, ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லிலிருந்து சார்லட் போக வேண்டும். தளம் எடுத்துக் காட்டுவது கெய்ன்ஸ்வில்–சார்லட்–நியூயார்க் டிக்கெட். சார்லட்டோடு முடியும் டிக்கெட்டைவிட விலை குறைவு. சார்லட்டில் இறங்கி வெளியே போய்விட வேண்டியதுதான். நியூயார்க் சீட் காலியாகப் பறக்கும்.

இது ஏன் மலிவாக வருகிறது? விமான டிக்கெட்டுக்கு விலை வைப்பது தூரத்தைப் பார்த்து இல்லை, இரண்டு ஊர்களுக்கு இடையிலான போட்டியைப் பார்த்து. சார்லட் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஹப், அதாவது அதன் விமானங்கள் வந்து கூடும் மைய ஊர். அங்கே நேராகப் போக வேண்டியவருக்கு வேறு வழி குறைவு, விலை ஏறும். கெய்ன்ஸ்வில்–நியூயார்க் என்றால் போட்டி ஏர்லைனான டெல்டா தன் அட்லாண்டா ஹப் வழியாகக் கூட்டிப்போகிறது. ஆகவே அமெரிக்கன் இறங்கிவர வேண்டும். யாரோ ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டதால் வந்த விலை இல்லை இது. கட்டணப் பிரிவு உட்கார்ந்து யோசித்து வைத்த விலை. இதை அடைக்க இரண்டே வழி: நியூயார்க் கட்டணத்தை ஏற்றி டெல்டாவிடம் பயணிகளை விடுவது, அல்லது சார்லட் கட்டணத்தை இறக்கி ஹப்பில் வரும் லாபத்தை விடுவது. இரண்டையும் செய்ய மனமில்லாததால்தான் விவகாரம் வக்கீல்களிடம் போகிறது.

தேடல் என்ற அளவில் தளம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எதிர்பார்ப்போடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் இறங்கவேண்டிய ஊர் ஏதாவது ஓர் ஏர்லைனின் பெரிய ஹப்பாக இருந்தால்தான் வித்தியாசம் கண்ணில்படும். அட்லாண்டா, டல்லஸ், சார்லட், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடங்கள். ஹப் இல்லாத ஊருக்குத் தேடினால் கூகுள் ஃபிளைட்ஸ் காட்டும் அதே பட்டியல்தான் வரும். மலிவுக் கட்டண ஏர்லைன்கள் நேரடியாகப் பறக்கும் தடங்களிலும் பெரிதாக எதுவும் தேறாது.

இனி, டிக்கெட் கையில் வந்தபிறகு என்னென்ன கெட்டுப்போகும் என்ற பகுதி. தளம் இதைப் பற்றிச் சொல்கிறது, ஆனால் போதவே போதாது. செக்-இன் பேக் போடாதே, ரவுண்ட் டிரிப்பாக வாங்காதே என்ற இரண்டு எச்சரிக்கைகளோடு அநேகமாக நின்றுவிடுகிறது. நிஜத்தில் சறுக்கும் இடங்கள் இன்னும் பல.

முதலில் பை. செக்-இன் செய்த பை டிக்கெட்டின் கடைசி ஊருக்குப் போகும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது கேட் செக். விமானம் நிறைந்து தலைக்கு மேலே இடமில்லை என்றால், கடைசியாக ஏறுகிறவர்களின் சக்கரப் பெட்டியை வாசலிலேயே வாங்கி டேக் மாட்டிவிடுவார்கள். அந்த டேக்கில் நியூயார்க் என்றுதான் அச்சாகும். சின்ன ரீஜனல் ஜெட்டில் கதவருகே வாங்கும் பையை இறங்கும்போது கதவருகிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். அது வேறு, இது வேறு. டேக்கைப் படித்துப் பார்க்காமல் பையைக் கொடுக்கக் கூடாது. முன் சீட்டுக்கு அடியில் போகும் அளவுக்கு ஒரே ஒரு முதுகுப்பை என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இரண்டாவது, பயண ஆவணம். சர்வதேசப் பயணத்தில் செக்-இன் கவுன்ட்டரில் பார்ப்பது டிக்கெட்டின் கடைசி நாட்டுக்கு உங்களுக்கு விசா இருக்கிறதா என்று. நீங்கள் அங்கே போகப்போவதில்லை என்று சொல்லவும் முடியாது. விசா இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். நடுவில் இறங்கும் நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் தனியாக வேண்டும். டிரான்சிட் அனுமதியை வைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. விதிவிலக்காக ஒன்று: அமெரிக்காவுக்குள் வரும் பயணிகள் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே செக்-இன் பையை எடுத்துச் சுங்கச் சோதனையைத் தாண்ட வேண்டும். அங்கே பை கைக்கு வந்துவிடும். அதை வைத்து மற்ற நாடுகளிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவதுதான் தளம் அழுத்திச் சொல்லவேண்டிய விஷயம்: விமானம் தாமதமானால் என்ன ஆகும். ஏர்லைனின் பொறுப்பு உங்களைக் கடைசி ஊரில் சேர்ப்பது மட்டும். சார்லட் விமானம் ரத்தானால் ஃபிலடெல்ஃபியா வழியாக நியூயார்க்குக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அது அவர்கள் பார்வையில் நல்ல சேவை, உங்களுக்கோ முழு டிக்கெட்டும் வீண். கவுன்ட்டரில் நின்று 'எனக்குச் சார்லட் வழியாகத்தான் வேண்டும்' என்று அடம்பிடித்தால், ஏன் என்ற கேள்வி வரும். மழைக்காலம், பனிக்காலம், நாளின் கடைசி விமானம் – இந்த மூன்றிலும் ஹிடன் சிட்டி டிக்கெட் எடுப்பது சூதாட்டம்.

நான்காவது, வரிசை. டிக்கெட்டில் ஒரு பகுதியை, அதாவது ஒரு விமானத்தை, தவறவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பகுதிகளையும் கணினி ரத்து செய்துவிடும். ஆகவே விடக்கூடியது கடைசிப் பகுதியை மட்டும். திரும்பி வருவதற்குத் தனி ஒன்-வே டிக்கெட், முடிந்தால் வேறு ஏர்லைனில். மைல்ஸ் (அடிக்கடி பறப்பவர்களுக்கு ஏர்லைன் தரும் புள்ளிகள்) கணக்கு எண்ணை அந்த டிக்கெட்டில் சேர்க்கக் கூடாது. ஒருமுறை கடைசி விமானத்தைத் தவறவிட்டவரை யாரும் துரத்துவதில்லை. ஆனால் ஏர்லைன்களில் வருவாய்க் கண்காணிப்புக்கென்றே ஆட்களும் மென்பொருளும் உண்டு. ஒரே பெயர், ஒரே மைல்ஸ் எண், ஒரே ஹப், மறுபடி மறுபடி கடைசிப் பகுதியில் ஆள் இல்லை என்றால் அது திரையில் பளிச்சென்று தெரியும். சேர்த்த மைல்ஸைப் பறிப்பது, கணக்கை மூடுவது, கட்டண வித்தியாசத்தைக் கேட்பது, இனி ஏற்றமாட்டோம் என்பது – இவை எல்லாமே கைவசம் உள்ள ஆயுதங்கள். மேலே சொன்ன கெய்ன்ஸ்வில்–சார்லட்–நியூயார்க் தடத்திலேயே 2023-ல் பதின்ம வயதுப் பயணி ஒருவரை அமெரிக்கன் ஊழியர்கள் ஏறுமுன்பே நிறுத்தி விசாரித்து, டிக்கெட்டை ரத்து செய்து, சார்லட்டுக்கு நேரடி டிக்கெட் எடுக்கவைத்தார்கள். அடையாள அட்டையில் இருந்தது சார்லட் இருக்கும் மாநிலம், அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

டிக்கெட்டை எங்கே வாங்குவது? சில டிக்கெட்டுகளைத் தளமே சேவைக் கட்டணத்தோடு விற்கிறது, சிலவற்றுக்கு வெளியே அனுப்புகிறது. இங்கே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்கன் தொடுத்த வழக்கில், ஸ்கிப்லேக்டு தன் அங்கீகரிக்கப்பட்ட முகவர் இல்லை, அதன் வழியாக வந்த ஒவ்வொரு டிக்கெட்டும் செல்லாமல் போகக்கூடும் என்றே சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கா தொடர்பான பயணங்களில், புறப்பட ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்கிய 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய (அல்லது பணம் கட்டாமல் விலையை நிறுத்திவைக்க) ஏர்லைன் இடம்கொடுக்க வேண்டும் என்பது விதி. அது ஏர்லைனைக் கட்டுப்படுத்தும், இடைத்தரகர்களை அல்ல. தளத்தில் விமான எண்ணையும் தேதியையும் பார்த்துக்கொண்டு, ஏர்லைனின் சொந்தத் தளத்தில் அதே தடத்தைப் போட்டு வாங்கினால் விலையும் பெரும்பாலும் அதுவே, உரிமையும் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் தளத்தின் விளம்பரம் கொஞ்சம் கண்ணாமூச்சி காட்டுகிறது. எங்கள் விலை குறைவு என்பதால் யுனைடெட் ஏர்லைன்ஸ் எங்கள்மேல் வழக்குப் போட்டது, நாங்கள் ஜெயித்தோம் என்பதுதான் அவர்கள் முழக்கம். 2014 நவம்பரில் நிறுவனர் அக்தரர் ஜமான்மேல் யுனைடெட்டும் டிக்கெட் விற்கும் தளமான ஆர்பிட்ஸும் சிகாகோவில் வழக்குத் தொடுத்தது உண்மை. 2015-ல் ஆர்பிட்ஸ் சமரசமாகிப் போனது. யுனைடெட்டின் வழக்கு தள்ளுபடியானது. காரணம், அந்த நீதிமன்றத்துக்கு அவர்மேல் அதிகார வரம்பு இல்லை என்பது. ஓட்டையைச் சொல்வது சரி என்று எந்த நீதிபதியும் அன்று தீர்ப்பு எழுதவில்லை. ஜெயித்தோம் என்பது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அமெரிக்கன் 2023 ஆகஸ்டில் டெக்சஸின் ஃபோர்ட் வர்த்தில் தொடுத்த வழக்கு வேறு மாதிரி போனது. 2024 அக்டோபரில் ஜூரி 94 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கனின் லோகோவை அனுமதியில்லாமல் போட்டதற்கான பதிப்புரிமை மீறலுக்கு. ஓட்டையை ஊருக்குச் சொன்னதற்கு அல்ல. பயணியின் பக்கம் பார்த்தால் ஜெர்மனி வழக்கு சுவாரஸ்யமானது. ஆஸ்லோ–ஃபிராங்க்ஃபர்ட்–சியாட்டில் ரவுண்ட் டிரிப் எடுத்த ஒருவர் திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, அதே ஜெர்மன் ஏர்லைனான லுஃப்தான்சாவிலேயே வேறு டிக்கெட்டில் பெர்லின் போய்விட்டார். 2,112 யூரோ கேட்டது லுஃப்தான்சா. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் போனது லுஃப்தான்சா. ஆக, இது குற்றச்செயல் இல்லை, ஒப்பந்தத் தகராறு. யுனைடெட், அமெரிக்கன் போன்றவை தங்கள் பயண நிபந்தனைகளிலேயே இதைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கின்றன. மீறினால் தண்டிக்கிற கை ஏர்லைனுடையது.

கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தவர் நடுவில் இறங்கினால் பஸ் கண்டக்டர் சண்டைக்கு வருவாரா என்று இதை ஆதரிக்கிறவர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் தூரம் கூடினால் விலை கூடும், அதனால் முன்னாடியே இறங்குவதில் ஆதாயம் கிடையாது. இங்கே தலைகீழ். அந்தத் தலைகீழ் விலையை வைத்தது ஏர்லைன் என்பதால், அதை வெளியே சொல்பவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விலை ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. இந்த டிக்கெட்டை வாங்க எந்தப் படிவத்திலும் பொய் எழுத வேண்டியதில்லை. பல ஆண்டுகள் பலர் பயன்படுத்தியும் ஓட்டை மூடவில்லை. சொன்னால் செத்துவிடும் என்ற வாதம் இந்த வகைக்குப் பொருந்தவே இல்லை.

மற்ற வகைகளுக்கு இதே கணக்கைப் போட முடியாது. கட்டண ஓட்டை என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதால்தான் அந்தச் சண்டை முடிவதே இல்லை.

ஃபியூவல் டம்ப், அதாவது எரிபொருள் பெயரில் வரும் கூடுதல் கட்டணத்தைக் கழற்றிவிடும் உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலையில் அடிப்படைக் கட்டணம், அரசு வரிகள் தவிர, ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீட்டில் ஏர்லைன் தானே வைக்கும் கூடுதல் கட்டணம் ஒன்று உண்டு. நீண்ட தூரப் பயணத்தில் அடிப்படைக் கட்டணத்தையே மிஞ்சுகிற அளவுக்கு அது இருக்கும். பயணத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சிறு விமானத்தைப் பின்னால் ஒட்டினால், விதிகள் ஒன்றோடொன்று மோதி அந்தக் கூடுதல் கட்டணம் கழன்றுவிடும் சேர்க்கைகள் சில உண்டு. ஐடிஏ மேட்ரிக்ஸ் என்ற கட்டணத் தேடல் தளத்தில் கட்டணப் பிரிப்பு வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து இதைத் தேடுவார்கள். அந்தத் தளத்தில் டிக்கெட் வாங்க முடியாது, ஆனால் விலை எப்படிக் கட்டப்பட்டது என்பதை வரிவரியாகக் காட்டும். இந்தச் சேர்க்கையை யாராவது ஊர், தேதியோடு பொதுவில் எழுதினால், ஏர்லைனின் கட்டணப் பிரிவில் ஒருவர் ஒரு விதியைத் திருத்திப் பதிவேற்றினால் போதும், காரியம் முடிந்தது. ஏர்லைன்களின் கட்டணங்களைத் திரட்டி உலகெங்கும் அனுப்பும் ஏடிபிகோ நிறுவனம் நாளுக்குப் பலமுறை புதுப்பிக்கிறது. இங்கே 'வாயை மூடு' கட்சி சொல்வது நடைமுறையில் சரி. அது பொது நன்மை என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். தேடிக் கண்டுபிடித்தவர்களின் உழைப்புக் கூலி, அவ்வளவுதான். வழிமுறையை விளக்கலாம், விடைத்தாளைக் கொடுக்க வேண்டியதில்லை.

மிஸ்டேக் ஃபேர், அதாவது தவறாகப் பதிவான கட்டணம், மூன்றாவது ரகம். பூஜ்யம் விட்டுப்போனது, நாணய மாற்றுக் கோளாறு, தள்ளுபடிக் குறியீடு தவறான இடத்தில் போனது போன்றவை. இதன் ஆயுள் சில மணி நேரம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடைபடும். பகிர்வதால் மாறுவது ஒன்றுதான்: எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது. ஆள் கூடக்கூட அதை மதித்து ஏற்றிச்செல்வதன் செலவு ஏர்லைனுக்குக் கூடும். ஆனால் முடிவு எப்படிப் போகும் என்பதற்கு ஒழுங்கே இல்லை. 2019 புத்தாண்டை ஒட்டி வியட்நாமிலிருந்து வட அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு, பிசினஸ் டிக்கெட்டுகள் பல மடங்கு மலிவாக விற்றுப்போனபோது கேத்தே பசிஃபிக் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறோம் என்றது. 2023 ஏப்ரலில் ஜப்பானிய ஏர்லைன் ஏஎன்ஏ-வின் வியட்நாம் தளத்தில் நாணய மாற்றில் கோளாறு வந்தபோது டிக்கெட்டுகள் பிறகு ரத்தாயின. 2024-ல் குவான்டாஸ் முதல் வகுப்பை 85 சதவீதம் குறைத்து விற்றுவிட்டு, வாங்கிய சுமார் 300 பேரையும் கூடுதல் காசு கேட்காமல் பிசினஸ் வகுப்புக்கு மாற்றியது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015 மே மாதத்திலிருந்து, தவறு என்று நிரூபித்து, டிக்கெட் பணத்தையும் அதை நம்பிச் செலவழித்ததையும் திருப்பிக் கொடுத்தால் ரத்து செய்யலாம் என்று விட்டுவிட்டது.

அந்த முடிவுக்குச் சில மாதம் முன்பு நடந்ததுதான் யுனைடெட்டின் டென்மார்க் தள விவகாரம். லண்டனிலிருந்து முதல் வகுப்பு மிகச் சொற்ப விலைக்கு வந்தது. ஆனால் வாங்க, பில் முகவரி டென்மார்க் என்று பொய் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோர் சொன்னார்கள். புகார் போனபோது அதே பொய் காரணமாகக் காட்டப்பட்டு, யுனைடெட் ஏற்றத் தேவையில்லை என்று ஆனது. பொய் சொன்னால்தான் திறக்கும் ஓட்டையைப் பத்தாயிரம் பேருக்குச் சொல்கிறவர், பத்தாயிரம் பேரை எதிர்த்து வாதாட முடியாத இடத்தில் நிறுத்துகிறார். இந்த வகையைப் பகிரவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மிஸ்டேக் ஃபேரைப் பகிர்பவர் கூடவே சொல்லவேண்டியவை சில. ஏர்லைன் தளத்திலேயே வாங்கவும். ஆறெழுத்து பிஎன்ஆர் வந்தது போதாது. 13 இலக்க இ-டிக்கெட் எண் வந்தால்தான் டிக்கெட் போடப்பட்டதாக அர்த்தம் (முதல் மூன்று இலக்கம் ஏர்லைனுடையது: யுனைடெட் என்றால் 016, லுஃப்தான்சா என்றால் 220). வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டு 'இந்த விலை நிஜமா' என்று கேட்கக் கூடாது. நிறைய ஓட்டைகள் அந்த ஃபோனில்தான் மூடுகின்றன. ரத்து செய்ய முடியாத ஹோட்டலை இரண்டு மூன்று வாரத்துக்குத் தொட வேண்டாம். கோயிங் போன்ற சந்தா சேவைகள் மிஸ்டேக் ஃபேர் அறிவிப்பைக் காசு கட்டுகிறவர்களுக்கென்று ஒதுக்குகின்றன. அதை ரகசியம் காப்பதாக யாரும் நினைக்க வேண்டாம், அதுவும் பகிர்தல்தான், வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் வைத்த பகிர்தல்.

மறுபடி ஸ்கிப்லேக்டுக்கு. ஓட்டையை வெளியே சொன்னதற்காக இதைக் குறை சொல்ல மாட்டேன். விலையைப் பெரிய எழுத்திலும், அது கெட்டுப்போகும் விதங்களைச் சின்ன எழுத்திலும் போட்டதற்குக் குறை சொல்வேன். கடைசி நாட்டின் விசா தேவை, அந்தத் தடத்தில் அன்று பின்னால் இன்னும் எத்தனை விமானம் இருக்கிறது, விமானம் சின்ன ஜெட்டா பெரியதா, அந்த ஏர்லைனின் நிபந்தனையில் தடை உண்டா – இந்த நான்கும் ஒவ்வொரு முடிவுக்குக் கீழும் வர வேண்டும். வரும்வரை தேடலுக்கு ஐந்துக்கு நான்கு, தகவலுக்கு இரண்டு, அங்கேயே வாங்குவதற்கு ஒன்று.

ஒரு முதுகுப்பையோடு, ஒன்-வே டிக்கெட்டில், தனியாக, ஹப் நகரத்துக்கு, காலை விமானத்தில் போகிறவர் இதில் தேடலாம். குழந்தைகளோடு போகிறவர், பெட்டி உள்ளவர், அந்த ஏர்லைனில் பெரிய மைல்ஸ் சேமிப்பு வைத்திருப்பவர், அன்று மாலையே முக்கியமான வேலை இருப்பவர் நேரடி டிக்கெட்டையே எடுக்கவும்.